குடுவை நிறைந்தால் எஞ்சின் நலமா?

உங்கள் வீட்டு அடுப்புக்கு மேல் புகை உறிஞ்சி இருந்தால், அதன் உலோக வலையை ஒருமுறை விரலால் தொட்டுப் பாருங்கள். வடை சுட்ட நாள்களில் பறந்த எண்ணெய்ப் புகை அதில் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். கடாயில் கிடந்த எண்ணெய் அவ்வளவு உயரத்துக்கு எப்படிப் போனது? சூட்டில் கொஞ்சம் ஆவியானது. கொஞ்சம் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாகத் தெறித்தது. இரண்டும் சூடான காற்றோடு மேலே ஏறி, குளிர்ந்த உலோகத்தில் பட்டதும் அங்கேயே தங்கிவிட்டன.

ஒவ்வொரு பெட்ரோல் காரின் எஞ்சினுக்குள்ளும் இதைப் போன்ற ஒன்று நடக்கிறது. அங்கே பறக்கும் எண்ணெயைப் பிடிக்க ஒரு சிறு குடுவை கடைகளில் விற்கப்படுகிறது. கார் பிரியர்கள் அதை ‘ஆயில் கேட்ச் கேன்’ என்பார்கள். நாம் எண்ணெய் பிடிக்கும் குடுவை என்று வைத்துக்கொள்வோம். சில பத்து வெள்ளியிலிருந்து பல நூறு வெள்ளி வரை அதற்கு விலை உண்டு. அது உண்மையிலேயே எஞ்சினுக்கு நல்லது செய்கிறதா?

வீட்டில் கார் இல்லாதவர்களும் தொடர்ந்து படியுங்கள். ஒரு பொருள் ‘வேலை செய்கிறது’ என்று யாராவது சொன்னால் அதற்கு எதைச் சான்றாக ஏற்பது என்பதுதான் இந்தக் கட்டுரையின் உண்மையான கேள்வி.

சிங்கப்பூரில் ஏன் இந்தக் கவலை?

குவீன்ஸ்டவுன் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி அலெக்சாண்ட்ரா சாலை, லெங் கீ சாலைப் பக்கம் நடந்தால் கார் காட்சிக்கூடங்கள் வரிசையாக நிற்கும். கண்ணாடிக்குப் பின்னால் பளபளக்கும் புதிய கார்களுக்கு இங்கே ஆயுள் கணக்கு உண்டு. 1990இல் அறிமுகமான வாகன ஒதுக்கீட்டு முறைப்படி, ‘சிஓஇ’ எனும் வாகன உரிமைச் சான்றிதழ் பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் காரைக் கைவிட வேண்டும், அல்லது பணம் கட்டி ஐந்து அல்லது பத்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும்.

இவ்வளவு செலவு செய்து வாங்கிய காரின் எஞ்சின் கடைசி நாள் வரை நன்றாக ஓட வேண்டும் என்று உரிமையாளர் நினைப்பது இயல்பு. அந்தக் கவலையை நம்பித்தான் பல துணைப்பொருள்கள் விற்பனையாகின்றன. அவற்றில் சில பயனுள்ளவை, சில வெறும் அலங்காரம். இந்தக் குடுவை எந்த வகை?

மோதிரத்தில் ஓர் இடைவெளி

எஞ்சினின் சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. மேலே பெட்ரோலும் காற்றும் எரிகின்றன, கீழே எண்ணெய்த் தொட்டி இருக்கிறது. இரண்டையும் பிரிப்பவை பிஸ்டனைச் சுற்றியுள்ள மோதிரம் போன்ற உலோக வளையங்கள். ஒரு பிஸ்டனுக்குப் பொதுவாக மூன்று வளையங்கள் இருக்கும்.

இந்த வளையம் முழு வட்டம் அன்று. ஓரிடத்தில் அது வெட்டப்பட்டிருக்கும். ஏன்? சூடானால் உலோகம் விரிவடையும் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். இடைவெளி இல்லாவிட்டால், விரிந்த வளையம் சிலிண்டர் சுவரில் இறுகிச் சிக்கிக்கொள்ளும். ஆகவே மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு அளவுக்கு வேண்டுமென்றே இடைவெளி விடுகிறார்கள்.

அந்த வழியாகத்தான் வாயு கசிகிறது. காரை வேகமாக முடுக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் 50 மடங்கையும் தாண்டும். நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும் எஞ்சினில், ஒவ்வொரு சிலிண்டரும் விநாடிக்கு 25 முறை வெடிப்பை நிகழ்த்துகிறது. ஒவ்வொரு வெடிப்பிலும் கொஞ்சம் வாயு வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். அதில் எரியாத பெட்ரோல், கரியமில வாயு, நீராவி எல்லாம் கலந்திருக்கும்.

நீராவி எங்கிருந்து வந்தது என்று வியக்கிறீர்களா? பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்தால் நீர்தான் உண்டாகும். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் கிடைக்கும்! அதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே ஆவியாகப் போய்விடுகிறது. சிறு பகுதி இப்படிக் கீழே கசிகிறது.

கீழே எண்ணெய் சுழன்று தெறித்துக்கொண்டிருக்கிறது. கசிந்த வாயு அந்த நுண்துளிகளையும் சுமந்துகொள்கிறது. இந்தக் கலவையை வெளியேற்றாவிட்டால் உள்ளே அழுத்தம் கூடி, எண்ணெய் அடைப்பான்கள் கசியத் தொடங்கும். நீரும் பெட்ரோலும் எண்ணெயில் கலந்து அதன் தரத்தையும் கெடுக்கும். அதனால் எஞ்சின் ‘மூச்சுவிட’ ஒரு வழி வேண்டும்.

அன்னாசி ஆய்வாளர் கண்டது

முற்காலக் கார்களில் அந்த வழி மிக எளிது. எஞ்சினிலிருந்து ஒரு குழாய் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். கலவை நேராகச் சாலைக்குப் போய்விடும்.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் கண்ணை எரிய வைக்கும் புகைமூட்டம் அடிக்கடி சூழ்ந்தது. கால்டெக் கல்விக்கழகத்தில் அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட் அதற்குக் காரணம் தேடினார். வாகனங்களிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வரும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குவதை 1950களின் தொடக்கத்தில் அவர் காட்டினார்.

அக்காலக் கார்கள் வெளிவிட்ட ஹைட்ரோகார்பன்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்த மூச்சுக் குழாய் வழியாக வந்தது. 1961இல் கலிஃபோர்னியா ஒரு புதிய விதியைக் கொண்டுவந்தது: கசியும் வாயுவை வெளியே விடக்கூடாது; எஞ்சினின் காற்று உள்வரும் பாதைக்கே திருப்பி அனுப்பி எரித்துவிட வேண்டும். இதற்கான அமைப்பைப் ‘பிசிவி’ என்கிறார்கள். அமெரிக்காவில் வாகனப் புகையைக் கட்டுப்படுத்தச் சட்டம் கட்டாயமாக்கிய முதல் தொழில்நுட்பம் இதுதான். இன்று குவீன்ஸ்டவுனில் ஓடும் பெட்ரோல் கார்களிலும் இதே வழிமுறை இருக்கிறது.

காற்று தூய்மையாயிற்று. ஆனால் முன்பு சாலையில் சிந்திய எண்ணெய்த் துளிகள் இப்போது எஞ்சினின் காற்றுப் பாதைக்குள் போகின்றன.

வால்வின் முதுகில் கரி

நீண்ட காலம் இது பெரிய தொல்லையாக இருக்கவில்லை. பெரும்பாலான எஞ்சின்களில் பெட்ரோல், காற்று உள்வரும் வால்வின் பின்புறத்தில் தெளிக்கப்பட்டது. பெட்ரோலும் அதில் சேர்த்துள்ள தூய்மைப்படுத்தும் பொருள்களும் வால்வைத் தொடர்ந்து கழுவிக்கொண்டிருந்தன.

1996இல் மிட்சுபிஷி நிறுவனம் ஜப்பானில் கலான்ட் காரில் பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் எஞ்சினை அறிமுகப்படுத்தியது. பிறகு பல நிறுவனங்கள் அந்த வழியைப் பின்பற்றின. எரிபொருளை இன்னும் துல்லியமாகச் செலவிட முடிந்தது. ஆனால் வால்வைக் கழுவ ஆளில்லாமல் போயிற்று! பிசிவி வழியாக வரும் எண்ணெய் சூடான வால்வில் ஒட்டி, காய்ந்து, கரியாகப் படிகிறது. படிவு தடித்தால் காற்று வரும் வழி குறுகும், எஞ்சின் தடுமாறும். சில பணிமனைகளில் அக்ரூட் கொட்டையின் ஓட்டைத் தூளாக்கி, காற்றழுத்தத்தால் பீய்ச்சி அந்தக் கரியை உதிர்க்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் நம் குடுவை வருகிறது. எண்ணெய் வால்வுக்குப் போகும் முன் வழியிலேயே பிடித்துவிட்டால் கரி படியாதே! கருத்து நியாயமானதுதான். ஆனால் நியாயமாகத் தோன்றும் கருத்து இன்னும் நிரூபிக்கப்பட்ட முடிவு ஆகிவிடாது.

குடுவைக்குள் என்ன நடக்கிறது?

பிசிவி குழாயை நடுவில் வெட்டி, இடையில் குடுவையைப் பொருத்துகிறார்கள். உள்ளே தடுப்புத் தகடுகளும் உலோக வலையும் இருக்கும். பிரித்தெடுக்கும் முறைகள் இரண்டு.

முதலாவது, நிலைமம். தடுப்பைச் சுற்றி வாயு சட்டென்று திரும்பும். கனமான துளி அவ்வளவு விரைவாகத் திரும்ப முடியாமல் நேரே போய்த் தகட்டில் மோதி வழியும். பேருந்து திடீரென்று வளையும்போது நீங்கள் ஒரு பக்கம் சாய்கிறீர்கள் அல்லவா, அதே காரணம்தான். இரண்டாவது, குளிர்தல். ஆவியாக வந்த நீரும் பெட்ரோலும் குளிர்ந்த சுவரில் துளியாகும்.

இரண்டுக்கும் வரம்பு உண்டு. பெரிய துளிகள் எளிதில் சிக்கும். மைக்ரோமீட்டரிலும் சிறிய துளிகள் வாயுவோடு சேர்ந்தே வளைந்து தப்பிவிடும். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர் என்றால், அவை எவ்வளவு சிறியவை என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். மேலும், குடுவை எஞ்சினுக்குப் பக்கத்திலேயே சூடாக இருந்தால் குளிர்தலும் குறையும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். கார் நிறுவனங்களும் எண்ணெய் பிரிக்கும் தடுப்புகளை எஞ்சினுக்குள்ளேயே அமைக்கின்றன. அவை பிடித்த எண்ணெய் மீண்டும் எண்ணெய்த் தொட்டிக்கே வழிந்துவிடும். கடையில் வாங்கும் குடுவை, அவற்றிடமிருந்து தப்பி வந்ததைத்தான் பிடிக்க முயல்கிறது.

பழுப்பு நீர் எதற்குச் சான்று?

குடுவையை விற்பவர் வழக்கமாகக் காட்டும் படம் ஒன்று உண்டு: குடுவையைத் திறந்து, ஒரு கண்ணாடிப் புட்டியில் பழுப்பு நிறத் திரவத்தை ஊற்றுவார். “பாருங்கள், இதெல்லாம் உங்கள் எஞ்சினுக்குள் போயிருக்கும்!” பார்ப்பவருக்குப் பகீரென்று இருக்கும்.

இப்போது அறிவியல் மாணவராக யோசியுங்கள். அந்தப் புட்டி எதை நிரூபிக்கிறது? குடுவை எதையோ பிடிக்கிறது என்பதை மட்டுமே. எஞ்சினுக்கு நன்மை நடந்தது என்பதை அது நிரூபிக்கவில்லை. மூன்று காரணங்கள் சொல்லலாம்.

ஒன்று, அது முழுவதும் எண்ணெய் அன்று. அதில் நீரும் பெட்ரோலும் கலந்திருக்கும். குளிர்நாடுகளில் எடுக்கப்பட்ட காணொளிகளில் குடுவை விரைவாக நிறைவதற்கு, குளிர்ந்த சுவரில் நீராவி படிவதே முக்கியக் காரணம். நம் ஊரின் வெப்பத்துக்கு அந்தக் காட்சி அப்படியே பொருந்தாது.

இரண்டு, பிடிபட்டதன் அளவு கேள்விக்கு விடை அன்று. தப்பியதன் அளவுதான் விடை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டாக, 5,000 கிலோமீட்டரில் குடுவை 30 மில்லிலிட்டர் எண்ணெயைப் பிடித்ததாகக் கொள்வோம். 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் என்ற கணக்கில் அந்தத் தூரத்துக்குக் கார் 350 லிட்டர் பெட்ரோலை எரித்திருக்கும். பிடித்த எண்ணெய் அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ‘அப்படியானால் அற்பம்’ என்று சொல்லிவிடலாமா? அதுவும் அவசரம். 30 மில்லிலிட்டர் எண்ணெயின் எடை ஏறத்தாழ 25 கிராம். ஒரு வால்வில் சில கிராம் கரி படிந்தாலே தொல்லைதான். ஆக, மிகச் சிறிய அளவு தப்பினாலும் காலப்போக்கில் படிவு உண்டாகலாம். புட்டியில் உள்ளதை எவ்வளவு நேரம் பார்த்தாலும், தப்பியது எவ்வளவு என்று தெரியப்போவதில்லை.

மூன்று, வால்வுக்கு எண்ணெய் வர வேறு வழிகளும் உண்டு. வால்வின் தண்டைச் சுற்றியுள்ள அடைப்பான் வழியாகவும் எண்ணெய் இறங்கும். குடுவை அந்த வழியைத் தொடுவதே இல்லை.

வால்வை நிறுத்துப் பாருங்கள்

அப்படியானால் எது நல்ல சான்று? பொறியாளர்கள் ஏற்கெனவே ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். பெட்ரோலில் சேர்க்கும் தூய்மைப்படுத்தும் பொருள்களைச் சோதிக்க, ‘ஏஎஸ்டிஎம்’ அமைப்பு டி5500 என்ற சோதனை முறையை வகுத்தது. அதில் 1985ஆம் ஆண்டின் பிஎம்டபிள்யூ 318ஐ கார் 10,000 மைல், அதாவது ஏறத்தாழ 16,000 கிலோமீட்டர், ஓட்டப்படும். பிறகு எஞ்சினைப் பிரித்து, காற்று வால்வுகளைத் தராசில் நிறுப்பார்கள். படிவு சராசரியாக ஒரு வால்வுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது.

எவ்வளவு நேர்மையான கேள்வி பாருங்கள்! வால்வைக் காப்பதாகச் சொன்னால், வால்வைத்தான் நிறுக்க வேண்டும்.

குடுவைக்கும் இதே அளவுகோல் பொருந்தும். ஒரே மாதிரியான இரண்டு கார்கள், ஒரே பெட்ரோல், ஒரே எண்ணெய், ஒரே பாதை, ஒரே தூரம். ஒன்றில் குடுவை, மற்றொன்றில் இல்லை. மாற்றப்படுவது ஒன்றே ஒன்றுதான். உங்கள் பாடநூல் சொல்லும் ‘நியாயமான சோதனை’ இதுதான். ஒரு கார் மட்டும் இருந்தால், வால்வுகளைச் சுத்தம் செய்துவிட்டுக் குடுவை இல்லாமல் ஒரு குறிப்பிட்ட தூரம் ஓட்டி அளக்கலாம். மீண்டும் சுத்தம் செய்து, குடுவையோடு அதே தூரம் ஓட்டி அளக்கலாம். “மாட்டியதிலிருந்து வண்டி மிருதுவாக ஓடுகிறது” என்ற சொல்லுக்கு இந்தச் சோதனையில் இடமில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருள் நல்லது என்று நம்பவே நம் மனம் விரும்பும்.

யாருக்குப் பயன்?

இதுவரை பார்த்த இயற்பியலை வைத்து வாகனங்களைப் பிரித்துப் பார்ப்போம்.

பந்தயப் பாதையில் ஓடும் கார்களுக்குக் குடுவை தேவை. கூர்மையான வளைவுகளில் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கி மூச்சுக் குழாய்க்குள் ஏறிவிடும். அது பாதையில் சிந்தினால் பின்னால் வரும் ஓட்டுநர் வழுக்குவார். அதனால்தான், திறந்த மூச்சுக் குழாய் உள்ள பந்தயக் கார்களுக்கு எண்ணெய்க் குடுவை வேண்டும் என்று உலக மோட்டார் விளையாட்டுச் சம்மேளனமே விதி வைத்திருக்கிறது. குடுவையின் பிறப்பிடம் பந்தயத் திடல்தான்.

டர்போ பொருத்திய, பெட்ரோலை நேரடியாகத் தெளிக்கும் எஞ்சினைக் கடுமையாக ஓட்டுபவர்களுக்கு ஓரளவு பயன் இருக்கக்கூடும். டர்போ அழுத்தத்தால் வளையங்களைத் தாண்டும் வாயுவும் அதிகம், சுமக்கப்படும் எண்ணெயும் அதிகம். ஆனால் அது கரிப்படிவை மெதுவாக்கலாம், அறவே நிறுத்தாது.

வால்வின் பின்புறம் பெட்ரோல் தெளிக்கும் சாதாரண எஞ்சினுக்கு அநேகமாகத் தேவையில்லை. பெட்ரோலே அங்கே கழுவும் வேலையைச் செய்கிறது. டொயோட்டா போன்ற நிறுவனங்கள் சில எஞ்சின்களில் இருவகைத் தெளிப்பான்களையும் சேர்த்தே வைத்திருக்கின்றன. அவற்றிலும் வால்வு கழுவப்படுகிறது.

குவீன்ஸ்டவுனிலிருந்து ஹாலந்து வில்லேஜ் வரை போய்த் திரும்பும் குடும்பக் காருக்கு வேறு கவனிப்பு முக்கியம். குறுகிய பயணத்தில் எஞ்சின் எண்ணெய் முழுமையாகச் சூடாவதில்லை; கலந்த நீரும் பெட்ரோலும் ஆவியாக நேரமில்லை. எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுவதும், கையேடு சொல்லும் தரத்தில் எண்ணெய் ஊற்றுவதும், பிசிவி வால்வு அடைபடாமல் பார்ப்பதும் நிச்சயப் பயன் தருபவை. எண்ணெய்கள் எவ்வளவு எளிதில் ஆவியாகும் என்பதற்கும் ‘நோவாக்’ என்ற சோதனை உண்டு: 250 டிகிரி செல்சியஸில் ஒரு மணிநேரம் சூடாக்கி, இழந்த எடையைக் கணக்கிடுவார்கள். குறைவாக ஆவியாகும் எண்ணெயைத் தேர்ந்தெடுத்தால், பிடிக்க வேண்டிய ஆவியே குறையும்.

கவனிக்காவிட்டால் கெடுதல்

குடுவையைப் பொருத்திவிட்டு மறந்துபோனால், நிறைந்த திரவம் மொத்தமாக எஞ்சினுக்குள் உறிஞ்சப்படலாம். குழாய் மடங்கி அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடும். இணைப்பு தளர்ந்தால் அளக்கப்படாத காற்று புகுந்து, எரிபொருள் கலவை கெட்டு, எச்சரிக்கை விளக்கு எரியும். குடுவையின் வாயைத் திறந்துவிட்டு வாயுவை வெளியே விடுவதோ, ஹாகன்-ஸ்மிட் காலத்துக்கு முந்திய லாஸ் ஏஞ்சலிஸுக்குத் திரும்புவதற்குச் சமம்! வாகனங்களில் செய்யும் மாற்றங்களை நம் நிலப் போக்குவரத்து ஆணையம் அனுமதி தேவையில்லாதவை, அனுமதி பெற வேண்டியவை, கூடாதவை என்று வகைப்படுத்தியிருக்கிறது. எதையும் பொருத்தும் முன் அந்தப் பட்டியலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

குடுவையில் சேர்ந்ததை எங்கே கொட்டுவது? வீட்டு வாசல் வடிகாலில் மட்டும் வேண்டாம். சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. அலெக்சாண்ட்ரா கால்வாயில் ஓடும் மழைநீர் சிங்கப்பூர் ஆற்றில் சேர்ந்து மரினா நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. அங்கிருந்து அது நம் வீட்டுக் குழாய்க்கே வரும். கழிவு எண்ணெயைப் பணிமனையிடம் ஒப்படைப்பதே முறை.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரே மாதிரியான இரண்டு எஃகு மூடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் குளிர்பதனப் பெட்டியில் அரை மணிநேரம் வையுங்கள். மற்றொன்றைச் சுடுநீரில் நனைத்து, நன்றாகத் துடைத்துவிடுங்கள். ஒரே அளவு வெந்நீர் ஊற்றிய இரண்டு கிண்ணங்களின் மீது இரண்டையும் ஒரே நேரத்தில் இரண்டு நிமிடம் மூடிவையுங்கள். (வெந்நீரைப் பெரியவர் ஒருவர் ஊற்றட்டும்.) பிறகு மூடிகளில் படிந்த நீரைத் தனித்தனித் துணியால் துடைத்து, சமையலறைத் தராசில் துணிகளின் எடை எவ்வளவு கூடியது என்று பாருங்கள். தராசு நுட்பமாக இல்லாவிட்டால், துளிகளின் அளவையும் நெருக்கத்தையும் ஒப்பிடுங்கள்.

மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். எதை மாற்றினீர்கள்? எதையெல்லாம் மாற்றாமல் வைத்தீர்கள்? மூடியில் படியாமல் ஓரமாகத் தப்பிய ஆவியை எப்படி அளப்பீர்கள்?

மூன்றாவது கேள்விதான் கடினம். யாராவது உங்கள் முன் ஒரு புட்டி பழுப்பு நீரை நீட்டி “பாருங்கள்!” என்று சொன்னால், முதலில் கேட்க வேண்டியதும் அதுதான்.